1965 குருத்து ஞாயிறு: எல்க்ஹார்ட்டின் இரண்டு டொர்னாடோ தடங்களைப் பழைய படங்களிலிருந்து பிரிக்க முடியுமா?

தடம்தேடி:

வணக்கம் நண்பர்களே. 1965 ஏப்ரல் 11, குருத்து ஞாயிறு அன்று அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களை அடித்துப் போட்ட டொர்னாடோக்களைப் பற்றித்தான் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரே நாளில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள், இந்தியானாவில்தான் அதிகம். நான் எடுத்துக்கொண்டிருப்பது அந்த மாநிலத்தின் வடகோடியில் உள்ள எல்க்ஹார்ட் கவுண்டியை. ஒரு மணி நேர இடைவெளிகூட இல்லாமல் இரண்டு பெரிய டொர்னாடோக்கள் ஏறக்குறைய இணையான பாதையில் அதைக் கடந்தன. முதலாவது மிட்வே டிரெய்லர் குடியிருப்பை (வண்டியில் இழுத்துவந்து நிறுத்தும் லேசான வீடுகள்) அழித்தது. பால் ஹஃப்மன் எடுத்த, இரண்டு புனல்கள் அருகருகே நிற்கும் புகழ்பெற்ற படம் அதனுடையதுதான். அடுத்தது டன்லப்பில் வீடுகளைத் துடைத்துப் போட்டது. பட்டியலில் இரண்டுக்குமே எஃப்4, அதாவது சேதத்தை வைத்து வலுவை 0 முதல் 5 வரை சொல்லும் ஃபுஜிட்டா அளவுகோலில் 4.

சேதப் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் பாதிக்கு மேல் 'எல்க்ஹார்ட், 1965' என்பதைத் தவிர ஒரு குறிப்பும் கிடையாது, எது எந்த டொர்னாடோவின் வேலை என்று தெரியவில்லை. இன்றைய செயற்கைக்கோள் படத்தில் தடமே இல்லை. அந்தக் காலத்து வான்வழிப் படங்களை எங்கே தேடுவது? கிடைத்தால் அதில் எதைப் பார்ப்பது? படங்களை வைத்து இரண்டில் எது வலுவானது என்று சொல்ல முடியுமா?

மேலிருந்து:

செயற்கைக்கோளை மறந்துவிடுங்கள். நிலத்தைப் படமெடுக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களில் முதலாவது மேலே போனதே 1972 ஜூலையில்தான். அது மட்டுமல்ல, எல்க்ஹார்ட் பக்கம் பெரும்பாலும் விளைநிலம், ஒரு உழவு போட்டால் தடம் போய்விடும். காடு என்றால் கதையே வேறு. 1985 மே 31 அன்று பென்சில்வேனியாவின் மொஷானன் காட்டைக் கடந்த டொர்னாடோவும், 1987 ஜூலை 21 அன்று வயோமிங்கின் டீட்டன் மலைக்காட்டில் அடித்ததும் மரங்களைப் பட்டையாகச் சாய்த்துவிட்டுப் போனதால், மேலிருந்து எடுத்த படங்களில் வருடக்கணக்கில் தெரிந்தன.

அமெரிக்க வேளாண் துறை 1930களிலிருந்தே விமானத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவற்றில் ஒரு பகுதியை யுஎஸ்ஜிஎஸ் என்ற அமெரிக்கப் புவியியல் ஆய்வு அமைப்பின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் தேடலாம், மீதிக்கு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம். 1:20,000 அளவில் (படத்தில் ஒரு செ.மீ., தரையில் 200 மீட்டர்) எடுத்த ஃப்ரேம்கள் இதற்குப் போதும், ஓரத்தில் தேதி அச்சாகியிருக்கும். ஏப்ரல் 11க்கு முந்தைய ஃப்ரேம் ஒன்று, பிந்தையது ஒன்று, இரண்டும் வேண்டும். பிந்தையது சில வருடம் கழித்து எடுத்ததாக இருந்தாலும் விடாதீர்கள். வயலில் ஒன்றும் தெரியாது, அதில் கண்ணை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பண்ணைகளுக்கு நடுவே விட்டுவைத்திருக்கும் சின்னச் சின்ன மரத்தோப்புகளைப் பாருங்கள். முந்தைய படத்தில் அடர்த்தியாக இருந்த தோப்பில் பிந்தைய படத்தில் பட்டையாக ஓட்டை விழுந்திருந்தால், அதே நேர்கோட்டில் அடுத்த தோப்பிலும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இப்படி நான்கைந்து தோப்புகள் ஒரே வரிசையில் வந்துவிட்டால் தடம் கையில் கிடைத்த மாதிரிதான். களஞ்சியம் நின்ற இடத்தில் வெறும் தரை மட்டும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அது வேறு காரணத்தாலும் போயிருக்கலாம் என்பதால் தோப்புக்குக் கொடுக்கும் எடையை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பகுதியில் சாலைகள் பெரும்பாலும் ஒரு மைலுக்கு ஒன்றாகச் சதுரக் கட்டமாக ஓடுவது பெரிய வசதி. படத்தைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி நான்கு சாலைச் சந்திப்புகளைப் பொருத்தினாலே அளவு சரியாக உட்கார்ந்துவிடும்.

அப்புறம், சிகாகோ பல்கலைக்கழகத்தின் வானிலை ஆய்வாளர் டெட் ஃபுஜிட்டா இந்தச் சம்பவத்துக்குப் பிறகு விமானத்தில் பறந்து தடங்களைப் படமெடுத்தார். வயல்களில் வளையம் வளையமாகத் தெரிந்த கோடுகளை, கனமான பொருட்கள் இழுபட்ட கீறல்கள் என்றுதான் அதற்கு முன் நினைத்தார்கள். அவை சுழலுக்குள் சுழலாக ஓடிய சிறு சுழல்கள் வைக்கோல் தாள்களையும் குப்பையையும் வரிசையாக ஒதுக்கிவிட்டுப் போன அடையாளம் என்று காட்டியவர் அவர்தான். அவருடைய ஆவணங்கள் லபக்கில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் சவுத்வெஸ்ட் கலெக்‌ஷனில் இருக்கின்றன. அங்கே எழுதிக் கேளுங்கள்.

அடித்தளம்:

தடம் பற்றி மேலே சொன்னதெல்லாம் சரி. வலு பற்றிய கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்.

ஃபுஜிட்டா அளவுகோல் வந்ததே 1971இல். ஆகவே 1965க்கு இருக்கும் எஃப்4 பின்னாளில் போட்டது. 1950 முதல் 70களின் நடுப்பகுதி வரையிலான சம்பவங்களுக்குப் பெரும்பாலும் பத்திரிகைச் செய்திகளை வைத்துத்தான் எண் கொடுத்தார்கள். அதை யாரோ கருவி வைத்து அளந்த காற்று வேகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மிட்வேயில் அழிந்தவை டிரெய்லர் வீடுகள். எஃப் அளவுகோலைத் திருத்தி அமைத்த இன்றைய இஎஃப் அளவுகோலில் 28 வகைச் சேதக் குறிகாட்டிகள் உண்டு, அதாவது எந்த வகைக் கட்டடமோ மரமோ எவ்வளவு சேதமானது என்று பார்த்துக் காற்று வேகத்தை மதிப்பிடுவதற்கான வகைகள். ஒற்றை டிரெய்லர் வீடு மொத்தமாகச் சிதறிப் போனாலும் அதற்கு எதிர்பார்க்கும் காற்று வேகம் மணிக்கு 127 மைல்தான், இஎஃப்4 தொடங்குவதோ 166இல். அதாவது காற்று 130இல் வந்ததா 200இல் வந்ததா என்பதை டிரெய்லரால் சொல்லவே முடியாது, அது அதற்கு முன்பே போய்விடும். டன்லப்பில் வீடுகள் இருந்தன, அவற்றால் இன்னும் கொஞ்சம் மேலே வரை சொல்ல முடியும். ஆகவே டன்லப் படங்கள் பயங்கரமாகத் தெரிகின்றன, எனவே அதுதான் வலுவானது என்ற முடிவு நிற்காது.

டன்லப் படங்கள் தெளிவாக இருந்தால் அடித்தளத்தின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். கான்கிரீட்டிலிருந்து போல்ட் நீட்டிக்கொண்டிருக்கிறதா? நட்டும் வாஷரும் அதில் இருக்கின்றனவா? நட்டு இருந்து, அதைச் சுற்றி மரச்சட்டம் பிய்ந்து போயிருந்தால் வீடு உண்மையிலேயே பிடித்து நின்று தோற்றிருக்கிறது. போல்டே இல்லை, ஆணி அடித்த துளைகள் மட்டும்தான் என்றால், அந்த வீடு அதைவிடக் குறைந்த காற்றிலேயே நகர்ந்திருக்கும். அடித்தளம் சுத்தமாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இறந்தவர்களைத் தேடும்போது புல்டோசர் வந்து ஒதுக்கியிருக்கலாம். பக்கத்தில் செடிகொடிகள் இலையோடு நிற்கின்றனவா, மரப்பட்டை உரிந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970 லபக் டொர்னாடோவுக்குப் பிறகு கிஷோர் மேத்தா, ஜேம்ஸ் மெக்டொனால்ட் போன்ற டெக்சாஸ் டெக் பொறியாளர்கள் வருடக்கணக்கில் சொல்லிவந்தது இதைத்தான். எஃப் அளவுகோல் நினைத்ததைவிடக் குறைந்த காற்றிலேயே சாதாரண வீடுகள் உடைகின்றன. 2007 பிப்ரவரியில் இஎஃப் அளவுகோல் நடைமுறைக்கு வந்தது அந்த வேலையின் பலன்.

இன்னொன்று, டொர்னாடோ எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றது என்பதும் கணக்கு. 1997இல் டெக்சாஸின் ஜாரல் ஊரை அடித்தது மிக மெதுவாக நகர்ந்தது, அங்கே வீடுகள் அப்படி அரைபட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். எல்க்ஹார்ட்டில் இரண்டுமே வேகமாகக் கடந்தவை. அதோடு இதை ஒப்பிடாதீர்கள்.

தடம்தேடி:

இருவருக்கும் மிக்க நன்றி. டிரெய்லர் பற்றிச் சொன்னது என் கேள்வியையே மாற்றிவிட்டது. சரி, வலுவை விட்டுவிடுகிறேன், எது எந்தத் தடம் என்பதை மட்டும் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: தரையிலிருந்து எடுத்த படங்களை வரைபடத்தில் எப்படி உட்கார வைப்பது? சேதம் ஆன இடத்தில் அடையாளம் சொல்ல எதுவுமே மிஞ்சவில்லையே.

பழையபடம்:

இதற்கு முன்னோடி இருக்கிறது. 1957 ஜூன் 20 அன்று வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் அடித்த டொர்னாடோவை ஃபுஜிட்டா ஆய்வு செய்தபோது, ஊர்க்காரர்கள் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நின்று எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று கண்டுபிடித்து, வரிசைப்படுத்தி நேரத்தைக் கணித்தார். நீங்களும் சேதத்திலிருந்து தொடங்காமல் கேமராவிலிருந்து தொடங்குங்கள்.

சேதத்துக்குப் பின்னால் தூரத்தில் எது நிற்கிறது என்று பாருங்கள்: தண்ணீர்த் தொட்டி, தானியக் குதிர், தேவாலயக் கோபுரம், ரயில் பாதை, மின்கம்ப வரிசை. இவற்றில் இரண்டை மேலிருந்து எடுத்த படத்தில் அடையாளம் கண்டால் கேமரா நின்ற இடத்துக்குக் கோடு இழுத்துவிடலாம். படம் காலையில் எடுத்தது என்று தெரிந்தால் நிழல் மேற்கே விழும், அதிலிருந்து திசை கிடைக்கும். கூடவே, தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கட்டடம் கட்டடமாக வரைந்த சான்போர்ன் வரைபடங்களைப் பாருங்கள். ஊர்ப்பகுதியில் மட்டும்தான் உதவும், ஆனால் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் மஞ்சள் என்று வண்ணத்திலேயே காட்டியிருப்பார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஏராளமாக இணையத்தில் வைத்திருக்கிறது. படத்தாள் மட்டும் வைத்திருக்கும் சேகரிப்பு என்றால் நெகட்டிவ் இருக்கிறதா என்றும் கேளுங்கள், ஒரே சுருளில் முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களில் இடம் தெரிந்துவிடும்.

சேதப் படங்களில் பெரும்பாலானவை மறுநாள் எடுத்தவையாகத்தான் இருக்கும், அதற்குள் இரண்டும் கடந்து முடிந்திருக்கும். ஆகவே படம் எடுத்த நேரம் உங்களுக்கு உதவாது, இடம் மட்டும்தான் உதவும். இரண்டு தடங்களும் நெருங்கும் இடத்தில் ஒரு படம் விழுந்தால் அதை எந்தப் பக்கமும் தள்ளாமல் 'உறுதியில்லை' என்றே வையுங்கள். 1925 மூன்று மாநில டொர்னாடோவின் பாதை நீளம் 219 மைல் என்று பல பத்தாண்டுகள் எழுதிவந்தார்கள். 2013இல் வந்த மறுஆய்வு சேதப் புள்ளிகளுக்கு இடையிலான இடைவெளிகளை இடைவெளியாகவே வைத்துப் பார்த்து, தொடர்ச்சியான ஒரே பாதை என்று சொல்லத்தக்கது சுமார் 174 மைல் என்றது.

மேலிருந்து:

இதில் ஒன்று சேர்க்கிறேன். தடங்கள் நெருங்கும் இடத்தில் தோப்பு இருந்து, மரங்கள் விழுந்து கிடக்கும் படமும் கிடைத்தால் உறுதியில்லை என்பதைத் தாண்டிப் போகலாம். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் மரங்களில் அடியில் இருப்பது முதலில் விழுந்தது. அடியில் ஒரு திசையும் மேலே வேறு திசையும் தெளிவாக இருந்தால் இரண்டு டொர்னாடோக்களும் அங்கே வந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரே டொர்னாடோ கடக்கும்போதே முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் எதிரெதிராகத் தள்ளும், எனவே ஒரு தோப்பை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள், தடத்துக்குக் குறுக்கே வடக்கிலும் தெற்கிலும் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். ஃப்ரேம் கிடைத்ததும் ஓரத்தில் இருக்கும் தேதியை வெட்டாமல் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.