இதயநோய் இறப்பு வீதம்: இரண்டு வட்டாரங்களை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி – பொதுச் சுகாதார மாணவி

வணக்கம். அடுத்தடுத்துள்ள இரண்டு வட்டாரங்களின் இறப்புப் பதிவுகளை வைத்து ஆய்வேடு எழுதிவருகிறேன். முதல் வட்டாரத்தில் இதயநோயால் இறப்போர் எண்ணிக்கை, இலட்சம் பேருக்கு என்று கணக்கிட்டால், இரண்டாவதைவிடக் கணிசமாக அதிகம். ஆனால் மருத்துவ வசதி மிகுந்ததும் புகைப்போர் குறைந்ததும் அந்த முதல் வட்டாரம்தான். இந்த எண்களை அப்படியே ஏற்கலாமா? இரண்டாவது வட்டாரத்தின் நோய்த்தடுப்பு நிதியைக் குறைக்கலாம் என்ற யோசனை இவற்றை வைத்தே எழுந்திருப்பதால், கவலையோடு கேட்கிறேன்.

மறுமொழி – புள்ளியியல் ஆசிரியர்

முதலில் வயதைப் பாருங்கள். இதயநோய் இறப்பு வயதோடு மிக வேகமாக உயர்வதால், முதியோர் நிறைந்த வட்டாரம் எவ்வளவு நலமாக இருந்தாலும் அதன் மொத்த வீதம் உயர்ந்தே தெரியும். ஒரு கற்பனைக் கணக்கைச் சொல்கிறேன். அ வட்டாரத்தில் 60 வயதுக்குக் கீழே இலட்சத்துக்கு 50 பேரும், அதற்கு மேலே 600 பேரும் இறக்கிறார்கள்; ஆ வட்டாரத்தில் அவை 80, 800. எந்த வயதிலும் ஆ தான் மோசம். ஆனால் அ வட்டாரத்தில் முதியோர் 30 விழுக்காடு, ஆ வட்டாரத்தில் 10 விழுக்காடு என்றால், மொத்த வீதம் அங்கே 215, இங்கே 152 என்று தலைகீழாக வரும். இரண்டிலும் முதியோர் 20 விழுக்காடு என ஒரே பொது மக்கள்தொகையை வைத்துக் கணக்கிட்டால் 160, 224 என்று உண்மை நிலை வெளிப்படும். இதுவே வயது சீரமைத்த இறப்பு வீதம். உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு பொது மக்கள்தொகை அமைப்பை வகுத்துத் தந்திருக்கிறது. ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு சராசரியாகப் பல ஆண்டுகள் பிந்தியே வருகிறது.

மறுமொழி – மருத்துவர்

மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆயினும் சீரமைப்பதற்கு முன்பே, இறப்புச் சான்றிதழில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தில் இதயத் தமனி நோய்க்கு உரிய குறியீடுகள் ஐ20 முதல் ஐ25 வரை. ஆனால் பல சான்றிதழ்களில் வெறுமனே ‘இதயத் துடிப்பு நின்றது’ என்று எழுதிவிடுகிறார்கள். எந்த நோயால் இறந்தாலும் இறுதியில் இதயம் நிற்கத்தான் செய்யும். அது இறப்பின் அடிப்படைக் காரணம் ஆகாது. அத்தகைய சான்றிதழ்கள் ஒரு வட்டாரத்தில் மட்டும் மிகுந்திருந்தால், நீங்கள் ஒப்பிடுவது நோயை அன்று, எழுதும் வழக்கத்தை. வீட்டிலேயே நேர்ந்து, மருத்துவர் சான்றளிக்காத இறப்புகள் இரண்டாவது வட்டாரத்தில் அதிகமாக இருக்கக்கூடும் என்பதால், காரணம் தெளிவாகக் குறிக்கப்படாத இறப்புகளின் பங்கையும் வீதத்துக்கு அருகிலேயே அச்சிடுங்கள்.

மறுமொழி – பதிவேட்டு அலுவலர்

சிறிய ஊர்களாகப் பிரித்துப் பார்க்க எண்ணினால் கவனம் தேவை. ஓர் ஊரில் ஓராண்டில் 16 இறப்புகள் என்றால், தற்செயலால் மட்டுமே அந்த எண் எவ்வளவு கூடிக்குறையலாம் என்று காட்டும் 95 விழுக்காட்டு இடைவெளி ஏறத்தாழ 9 முதல் 26 வரை விரியும். சில ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

மாணவி

மிக்க நன்றி. வயது வாரியான எண்ணிக்கையைக் கேட்டுப் பெறுகிறேன். சீரமைத்த பிறகும் வேறுபாடு நீடித்தால், அதற்குக் காரணம் நோய் அதிகம் வருவதா, வந்தபின் காப்பாற்ற முடியாமையா என்பதை எப்படி அறிவது?

மறுமொழி – மருத்துவர்

இறப்புப் பதிவை மட்டும் வைத்து அதை அறிய முடியாது. மாரடைப்பு எத்தனை பேருக்கு வந்தது, அவர்களில் எத்தனை பேர் 28 நாட்களுக்குள் இறந்தனர் என்ற இரண்டையும் தனித்தனியே பதிய வேண்டும். 1980களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் 21 நாடுகளில் நடந்த மோனிகா ஆய்வு இதைத்தான் செய்தது. இறப்பு குறைந்த மக்கள்தொகைகளில், அந்தக் குறைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாரடைப்பே குறைந்ததால் வந்தது. எஞ்சிய ஒரு பங்குதான் மாரடைப்பு வந்தவர்கள் பிழைத்ததால் வந்தது. தடுப்பு நிதியைக் குறைக்க எண்ணுவோரிடம் இதைக் கட்டாயம் காட்டுங்கள். பின்லாந்தின் வடக்குக் கரேலியாவில் 1972இல் தொடங்கிய திட்டமும் புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஊர் முழுவதிலும் குறைக்க முயன்றது. நடுவயது ஆண்களிடையே இதயத் தமனி நோய் இறப்பு அடுத்த நாற்பது ஆண்டுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. பின்லாந்து முழுவதிலுமே அது குறைந்தது என்பதால் அனைத்தையும் அத்திட்டத்தின் கணக்கில் எழுத இயலாதுதான். உங்களிடம் மாரடைப்புப் பதிவேடு இல்லையென்றால், 35 முதல் 64 வயதுக்குட்பட்டோரின் வீதத்தையாவது தனியாகக் கணக்கிடுங்கள். பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய இறப்புகள் அந்த வயதில்தான் தெரியும். காரணம் குறிப்பதிலும் அங்கே குழப்பம் குறைவு.