புளோக் கீழே பூனைக்குச் சாப்பாடு வைத்தால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதமா?

புதுக்குடி எழுதியது:

மூன்று மாதம் முன்புதான் சிங்கப்பூர் வந்தோம், வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் புளோக் வெற்றுத்தளத்தில் (கட்டடத்தின் கீழே திறந்திருக்கும் பொது இடம்), சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சாம்பல் வரிப் பூனை இருக்கிறது. நான் வேலை முடிந்து வந்தால் லிஃப்ட் வரைக்கும் கூடவே வரும். முதல் நாள் கையில் இருந்த தயிர்சாதத்தை வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், மறுநாளே கேட்ஃபுட் பாக்கெட் வாங்கிவிட்டேன். தினமும் ஒரு பேப்பர் தட்டில் ஒரு பிடி வைத்துவிட்டு மேலே போய்விடுவேன்.

நேற்று நாலாம் மாடி அங்கிள் ஒருவர் லிஃப்ட் வாசலில் நிறுத்தி, “இதற்கு 5,000 வெள்ளி ஃபைன், தெரியுமா, நான் புகார் கொடுத்தால் நீ மாட்டுவாய்” என்று சொல்லி, தூணில் கட்டியிருக்கும் பேனரைக் காட்டினார். அதில் புறா படம்தான் பெரிதாக இருந்தது, ஆனால் 5,000 என்று போட்டிருப்பது உண்மை. பயத்தில் முழுசாகப் படிக்கவில்லை. பிஆர் (நிரந்தரவாசம்) விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம், இந்த நேரத்தில் பூனையால் வழக்கு வந்தது என்றால் என் கணவர் என்னைச் சும்மா விடமாட்டார். உண்மையிலேயே இங்கே பூனைக்குச் சாப்பாடு போடக்கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிடோக் மீசைக்காரன் எழுதியது:

பயப்படாதீர்கள் சகோ. அங்கிள் இரண்டு சட்டத்தைக் குழப்பிக்கொண்டார், இந்தக் குழப்பம் பாதிப் பேருக்கு இருக்கிறது.

அந்தப் பேனர் வனவிலங்குச் சட்டத்தைப் பற்றியது. 2020 ஜூன் மாதம் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். குரங்கு, காட்டுப்பன்றி, மைனா இவற்றுக்கு உணவு போட்டால் முதல் தடவை 5,000 வெள்ளி வரை, திரும்பவும் செய்தால் 10,000 வரை அபராதம். புறாவும் இதில் வரும், அதுதான் பேனரில் அதன் படம். வீட்டுப்பூனை இனம் இந்தச் சட்டத்தில் வனவிலங்கு கிடையாது, தெருவில் பிறந்து தெருவில் வளர்ந்தாலும் கிடையாது. பூனைக்கு உணவு போடுவதை மட்டும் வைத்து உங்கள்மேல் யாரும் வழக்குப் போட முடியாது.

ஆனால் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், “வைத்துவிட்டு மேலே போய்விடுவேன்”. மாட்டினால் அதில்தான் மாட்டுவீர்கள். சாப்பிட்டு மிஞ்சியதையும் தட்டையும் அங்கேயே விட்டால் அது குப்பை போட்டதற்குச் சமம், சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் வரும். முதல் தடவை என்றால் பெரும்பாலும் 300 வெள்ளி கட்டிவிட்டு வரலாம், நீதிமன்றம் வரை போனால் 2,000 வெள்ளி வரை. அப்புறம் நீங்கள் வைத்ததைப் பூனை விட்டுவிட்டுப் போய், புறா வந்து தின்றுகொண்டிருக்கும்போது அங்கிள் ஃபோட்டோ எடுத்தார் என்றால், “நான் பூனைக்குத்தான் வைத்தேன்” என்று அமலாக்க அதிகாரியிடம் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பத்து நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். பசியுள்ள பூனைக்கு அதுவே அதிகம். முடிந்ததும் தட்டை எடுத்து, சிந்தியதைத் துடைத்து, குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போங்கள். பத்து நிமிடத்தில் சாப்பிடவில்லையா, அதற்குப் பசியில்லை.

மூன்றாம் மாடி எழுதியது:

எல்லோரும் பூனைப் பிரியர்களாகவே பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மறுபக்கம் சொல்கிறேன். எங்கள் புளோக்கில் இப்படித்தான் ஒருவர் இரக்கப்பட்டு ஆரம்பித்தார். இப்போது ஏழு பூனை. என் வீட்டு வாசல் ஷூ ரேக்கில் வாரம் இரண்டு தடவை மூத்திரம், என் பையனின் பள்ளி ஷூவை எத்தனை தடவை கழுவுவது? விடிவதற்குள் மைனாக் கூட்டம் மிச்சத்தைக் கொத்த வந்துவிடும், அந்தச் சத்தத்தில் அலாரமே வேண்டாம். சட்டம் அனுமதிக்கிறது, சரி. நாற்றம் யார் மூக்குக்கு வருகிறது என்பதையும் யோசியுங்கள். அந்த நாலாம் மாடி அங்கிள் தப்பான சட்டத்தைச் சொல்லியிருக்கலாம், அவர் கோபம் தப்பில்லை.

காலை ஷிப்ட் எழுதியது:

நான் துப்புரவு வேலையில் மேற்பார்வை பார்க்கிறேன், ஒன்பது புளோக் என் பொறுப்பு. பூனையால் எங்களுக்குத் தொந்தரவு குறைவு, பூனைக்குச் சாப்பாடு வைக்கும் ஆட்களால்தான் அதிகம். டின் மீனைச் சாக்கடை மூடிமேல் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அந்தக் கம்பி இடுக்கில் மீன் இறங்கிக் காய்ந்துவிட்டால் தண்ணீர் பீய்ச்சினாலும் வராது, குனிந்து உட்கார்ந்து குச்சியால் குடைந்து எடுக்க வேண்டும், எங்கள் தம்பிகள் தினமும் அதைச் செய்கிறார்கள். இரவு முழுக்க அங்கே எலியும் கரப்பானும்தான்.

இன்னொன்று, தண்ணீர்க் கிண்ணம். செடிக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் போதும், ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். டெங்கி நேரத்தில் சோதனைக்கு வருகிறவர்கள் எங்களைத்தான் கேட்பார்கள். தண்ணீர் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, கிளம்பும்போது கொட்டிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா.

வைக்கிற இடமும் முக்கியம். லிஃப்ட் வாசல், படிக்கட்டு, குழந்தைகள் விளையாடும் இடம், உணவங்காடி ஓரம் வேண்டாம். வெறும் சிமெண்ட் தரையாக, கழுவினால் போகிற இடமாகப் பாருங்கள்.

பழைய குயின்ஸ்டவுன் எழுதியது:

மூன்றாம் மாடி சொல்கிற ஏழு பூனைக் கதைக்குக் காரணம் சாப்பாடு மட்டும் இல்லை, கருத்தடை செய்யாததுதான். புதுக்குடி, அந்தப் பூனையின் இடது காதைப் பாருங்கள். நுனியைக் கத்தரித்தது போல நேராக வெட்டியிருந்தால் அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது, யாரோ ஏற்கெனவே கவனித்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும், வித்தியாசம் தெரியும். வெட்டு இல்லையென்றால் பூனை நலச் சங்கத்திடம் சொல்லுங்கள். பிடித்து, கருத்தடை செய்து, முடிந்தால் வீடு தேடிக் கொடுத்து, இல்லாவிட்டால் பழைய இடத்திலேயே விடும் திட்டத்தை அரசாங்கமே இப்போது நடத்துகிறது.

நான் பழைய ஆள், இந்த “அரசாங்கமே” என்பதை எழுதும்போது எனக்கே ஆச்சரியம். 2003-ல் சார்ஸ் வந்த சமயத்தில், அதுவரை இருந்த தெருப்பூனைக் கருத்தடைத் திட்டத்தை நிறுத்திவிட்டுப் பூனைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் காப்பிக் கடைப் பூனை ஒருநாள் இருந்தது, மறுநாள் இல்லை. வீவக வீட்டுக்குள் பூனை வளர்க்கவே அனுமதி கிடையாது, எல்லோரும் ஒளித்து வைத்துத்தான் வளர்த்தோம். 2024 செப்டம்பர் 1 முதல்தான் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை என்று விட்டார்கள். மைக்ரோசிப் பொருத்தி உரிமம் எடுக்க வேண்டும், அதற்கு 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தந்தார்கள். ஆனால் உரிமம் எடுத்த பூனையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், வெற்றுத்தளத்தில் உலாவ விடக்கூடாது.

அங்கிளிடம் சண்டை வேண்டாம். புகார் வந்தாலும் முதலில் பேசித்தான் தீர்க்கப் பார்ப்பார்கள், முற்றிப்போனால் சமூக மத்தியஸ்த நிலையம் இருக்கிறது. ஆனால் யாராவது பூனையை அடிப்பதோ விஷம் வைப்பதோ கண்ணில் பட்டால் சும்மா இருக்காதீர்கள், விலங்குவதைக்கு முதல் தடவையே 15,000 வெள்ளி வரை அபராதமும் 18 மாதம் வரை சிறையும் உண்டு.

மாம்பலம் மாடி எழுதியது:

நான் சென்னை. இங்கே 2023-ல் வந்த விலங்குகள் கருத்தடை விதிகளில், குடியிருப்பு நலச் சங்கமே தெரு விலங்குகளுக்கு உணவு வைக்க இடம் ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறது. படிக்கட்டு, நுழைவாசல், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகாது என்றும் சொல்கிறது, காலை ஷிப்ட் சொன்ன அதே இடங்கள்தான். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நாய்களுக்குத் தெருவில் கண்ட இடத்தில் உணவு போடக்கூடாது, வார்டு தோறும் தனி இடம் வேண்டும் என்றது. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் அதை எடுத்துப் பூனைக்கும் சேர்த்துத் தடை என்று ஒருவர் பரப்பிவிட்டார். எல்லா ஊரிலும் ஒரு நாலாம் மாடி அங்கிள் இருக்கிறார்.

புதுக்குடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு தட்டோடு இறங்கிப் போய் நின்றேன். பூனை நாலு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டது. இடது காது நேராக வெட்டியிருக்கிறது, இத்தனை நாள் இதை நான் கவனிக்கவே இல்லை. மிச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தள்ளுவண்டியோடு ஒரு சீனப் பாட்டி வந்தார். எட்டு வருடமாகத் தினமும் பத்து மணிக்கு அவர்தான் சாப்பாடு போடுகிறாராம், கருத்தடை செய்ததும் அவர்தானாம். காப்பிக் கடை நாசி பாடாங் ஸ்டால்காரர் மதியம் மீன் கொடுக்கிறாராம். நான் இடையில் புகுந்து மூன்றாவது வேளை போட்டதில் எடை கூடிவிட்டது என்று கையை விரித்துக் காட்டித் திட்டினார். திங்கள், வியாழன் மட்டும் என் முறை என்று முடிவாகியிருக்கிறது.

நாலாம் மாடி அங்கிளிடம் பேனரை ஃபோட்டோ எடுத்துக் காட்டினேன், கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார், “அப்போ தட்டை எடுத்துவிடு” என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்.

நான் மூன்று மாதமாக மீனாட்சி என்று கூப்பிட்டது ஆண் பூனையாம். பெயர் ஆ பூய், குண்டன் என்று அர்த்தமாம்.