எம்ட்டி கேன் டெஸ்ட்: வலித்தாலே கிழிசல் என்று யார் சொன்னது?

கோனியோமீட்டர்:
தோள்வலி பற்றிய இன்னொரு இழையில் சுழல்வட்டம் என்பவர் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார்: "கையைப் பக்கவாட்டில் தூக்கி, கட்டைவிரல் தரையைப் பார்க்க வைத்து, மேலிருந்து அழுத்துங்கள். வலித்தால் சுப்ராஸ்பைனேட்டஸ் கிழிந்துவிட்டது. ஸ்கேன் எடுத்துக் காசைக் கரியாக்க வேண்டாம்." அவர் சொல்வது எம்ட்டி கேன் டெஸ்ட்; சுப்ராஸ்பைனேட்டஸ் என்பது கையைத் தூக்க உதவும் தோள்தசை. முதலில், அது நேர் பக்கவாட்டு இல்லை ஐயா. கை தோள் உயரத்தில் இருக்க வேண்டும், ஆனால் சுமார் 30 டிகிரி முன்னால் தள்ளி. அதைக்கூட விட்டுவிடலாம். வலித்தால் கிழிசலா? வீங்கிய பர்ஸா (மூட்டருகே உராய்வைக் குறைக்கும் திரவப்பை) வலிக்காதா? கிழியாமல் நொந்துபோன தசைநாண் வலிக்காதா? கட்டைவிரலைக் கீழே திருப்பி அழுத்தினால் பாதிப் பேருக்கு எப்படியும் வலிக்கும். பார்க்க வேண்டியது பலம் குறைகிறதா என்பதைத்தான்.

சுழல்வட்டம்:
வலித்தால் பாசிட்டிவ். இத்தனை வருடமாக அப்படித்தான் பார்க்கிறேன், யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. நீங்கள் புத்தகத்தைப் பார்ப்பவர், நான் தோளைப் பார்ப்பவன்.

கோனியோமீட்டர்:
திரும்பி வராதவர்கள் வேறு ஆளிடம் போயிருப்பார்கள். புத்தகம் என்றதால் சொல்கிறேன். 1999இல் இட்டோய் குழுவினர் எம்ட்டி கேனையும், கட்டைவிரல் மேலே இருக்கும் ஃபுல் கேனையும் எம்ஆர்ஐயோடு ஒப்பிட்டார்கள். பலவீனத்தை அளவுகோலாக வைத்தபோது ஃபுல் கேனுக்குத் துல்லியம் 75 சதவீதம், எம்ட்டி கேனுக்கு 70. ஃபுல் கேனில் வலியும் குறைவு, அதனால் அதையே செய்யலாம் என்றார்கள். பலவீனம், ஐயா. வலி இல்லை.

சுழல்வட்டம்:
வலிக்கிற கை பலமாகவா தள்ளும்? வலி வந்தால் பலவீனம் தானாக வரும். இரண்டையும் பிரிக்கிறேன் என்பது வீண் வேலை. வலித்தால் பாசிட்டிவ்.

கோனியோமீட்டர்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! வலியால் வரும் பலவீனம் வேறு, நாண் அறுந்ததால் வரும் பலவீனம் வேறு. அதைப் பிரிக்கத்தானே நீர் (Neer) என்ற மருத்துவர் காலத்திலிருந்தே அக்ரோமியனுக்கு (தோளின் மேல்நுனி எலும்பு) அடியில் மரப்பு ஊசி போட்டுவிட்டு மறுபடி சோதிக்கிறார்கள்? வலி போன பிறகும் கை தளர்ந்தால் அப்போது பேசுங்கள்.

பழைய எலும்பன்:
இரண்டு பேருக்கும் ஒன்று. 2009இல் தசைகளில் மின்முனை வைத்துப் பார்த்தார்கள். எம்ட்டி கேனோ ஃபுல் கேனோ, எதுவும் சுப்ராஸ்பைனேட்டஸை மட்டும் தனியாக வேலை வாங்குவதில்லை. தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு உட்படப் பல தசைகள் கூடவே இழுக்கின்றன. 2012இல் ஹெகடஸ் குழுவினர் தோள் சோதனைகளையெல்லாம் அலசி, எந்த ஒற்றைச் சோதனையை வைத்தும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தார்கள். எதற்கு இந்தச் சண்டை?

கோனியோமீட்டர்:
நன்றி, நான் சொன்னதையே சொல்லியிருக்கிறீர்கள்.

சுழல்வட்டம்:
இல்லை, நான் சொன்னதை. பலவீனமும் நம்ப முடியாதது என்றுதானே இதற்கு அர்த்தம்?

வலதுகை வேகம்:
மன்னிக்கவும், நான் மருத்துவத்துறை இல்லை. எனக்குக் கட்டைவிரல் மேலே இருந்தாலும் வலிக்கிறது, கீழே இருந்தாலும் வலிக்கிறது. சட்டை போடும்போதும் வலி. இது எதில் சேரும்?

கோனியோமீட்டர்:
கொஞ்சம் பொறுங்கள், இவருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன். சுழல்வட்டம், போன முறை முழங்கால் இழையில் லாக்மேன் சோதனையை (முழங்கால் தசைநார் கிழிசலுக்கானது) பற்றியும் இப்படித்தான் அடித்துவிட்டுக் காணாமல் போனீர்கள். இதில் போக விடமாட்டேன்.

சுழல்வட்டம்:
முழங்காலை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அங்கே என் பதிவுக்கு நீங்கள்தான் பதிலே சொல்லவில்லை. ஸ்கேன் பக்தரிடம் ஒரு கேள்வி. 1995இல் ஷெர் குழுவினர் தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் 54 சதவீதம் பேருக்குக் கிழிசல் இருந்தது. உங்கள் ஸ்கேன் சொல்லும் கிழிசல்தான் வலிக்குக் காரணம் என்று எப்படித் தெரியும்?

கோனியோமீட்டர்:
பேச்சை மாற்றாதீர்கள். ஸ்கேன் வேதவாக்கு என்று நான் எங்கே எழுதினேன்? அதோடு, வலியே இல்லாமல் கிழிசல் இருக்கலாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் வலியை வைத்து எப்படிக் கிழிசலைக் கண்டுபிடிப்பீர்கள்?

பழைய எலும்பன்:
லேப்ரம் (தோள்குழியின் விளிம்பு வளையம்) கிழிசல் விஷயத்தில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. ஓ'பிரையன் 1998இல் தன் சோதனையை அறிமுகப்படுத்தியபோது சென்சிட்டிவிட்டி (கிழிசல் உள்ளவர்களைப் பிடிப்பது) 100 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி (இல்லாதவர்களைச் சரியாக விலக்குவது) 98.5 என்று போட்டார். பிறகு செய்து பார்த்தவர்களுக்கு அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கண்டுபிடித்தவர் கையில் எல்லாச் சோதனையும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

கோனியோமீட்டர்:
லேப்ரத்துக்குத் தனி இழை இருக்கிறது.

பழைய எலும்பன்:
இழைக்கு நீங்கள்தான் காவலா?

தசைநாண்:
@வலதுகை வேகம், முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, கையைத் தளர்த்திக்கொள்ளுங்கள். வேறொருவர் முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பட்டும். அவர் திருப்பினாலும் மறு பக்கத்தைவிட வெகு முன்னாலேயே தடை விழுந்தால், உறைதோளா (மூட்டு இறுகிப்போவது) என்று மருத்துவரிடம் நேரில் காட்டிப் பார்ப்பது நல்லது. அதில் எம்ட்டி கேன், ஹாக்கின்ஸ் என்ற இன்னொரு தோள் சோதனை எல்லாமே வலிக்கும். வலிப்பதால் ஒன்றும் தெரியாது.

கோனியோமீட்டர்:
பார்த்தீர்களா! "வலிப்பதால் ஒன்றும் தெரியாது." தசைநாணும் என் கட்சி.

தசைநாண்:
நான் எந்தக் கட்சியும் இல்லை. அவர் கேட்டார், சொன்னேன்.

சுழல்வட்டம்:
உறைதோளுக்குச் சொன்னதைக் கிழிசலுக்கு ஒட்டுகிறார். சரி கோனியோமீட்டர், நீங்கள் அழுத்தும்போது கை வைப்பது எங்கே? மணிக்கட்டிலா, முழங்கைக்கு மேலேயா?

கோனியோமீட்டர்:
முழங்கைக்கு மேலே. மணிக்கட்டில் அழுத்தினால் நெம்புகோல் நீளம் கூடி, நல்ல தோளும் இறங்கிவிடும். ஏன், நீங்கள் மணிக்கட்டிலா?

சுழல்வட்டம்:
ஆமாம், மணிக்கட்டில்தான். அதில் என்ன தப்பு?

கோனியோமீட்டர்:
கடவுளே. இதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.