மாயப் புதையல் அறைகளில் காவலை எங்கே நிறுத்துவது?

கேள்வி: நிலவறை

வணக்கம். இருபது நிமிடக் குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மலைக்கு அடியில் மந்திரத்தால் மூடப்பட்ட அறை, அதனுள் புதையல், அதைக் காக்கும் பூதம், தேடி வரும் இளம்பெண் என்பதே கதை. வாசலில் ஒரு விடுகதை, நடுவில் நெருப்பாறு, கடைசியில் பூதத்துடன் சண்டை என்று மூன்று தடைகளை வைத்திருந்தேன். படித்துப் பார்த்த நண்பர், இந்தத் தடைகள் தாண்டப்படுவதற்காகவே வைக்கப்பட்டவை போல இருக்கின்றன என்றார். அது சரி என்றே எனக்கும் படுகிறது. சிறுவயதில் பார்த்த சில படங்களின் குகைகள் இன்றும் கண்ணை விட்டு அகலவில்லை. அவற்றைவிடப் பன்மடங்கு பெரிதாகக் கிராபிக்ஸில் கட்டப்பட்ட சில பொக்கிஷ அறைகளோ மறுநாளே மறந்துபோகின்றன. இந்த வேறுபாடு எதனால் வருகிறது? காவல் எப்படி அமைந்தால் பார்ப்பவருக்கு உண்மையான அச்சம் உண்டாகும்?

பதில்: பழம்படப் பிரியன்

உங்கள் மூன்று தடைகளும் உள்ளே போகும் வழியிலேயே இருக்கின்றன. குறை அங்கேதான் என்று நினைக்கிறேன். நினைவில் நிற்கும் புதையல் அறைகள் பெரும்பாலும் உள்ளே எளிதாக விட்டுவிட்டு, வெளியே வரும்போதுதான் பிடிக்கின்றன.

1963-இல் வெளிவந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்' படத்தில் வெண்கலத் தீவு ஒன்று வரும். உணவும் நீரும் தவிர வேறெதையும் அங்கிருந்து எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. தாலோஸ் என்னும் பிரம்மாண்டமான சிலையின் பீடத்துக்குள் ஆபரணங்கள் குவிந்த அறை திறந்தே கிடக்க, கப்பலில் வந்த வீரர்களில் ஒருவரான ஹெர்குலிஸ் அங்கிருந்து ஈட்டியளவு பெரிய ஓர் ஆபரண ஊசியை மட்டும், அதுவும் ஈட்டியாகப் பயன்படும் என்று எண்ணி எடுத்துக்கொள்கிறார். அவர் வெளியே வந்து நிற்கும்போது, அதுவரை அசையாதிருந்த சிலையின் தலை உலோகம் உரசும் ஒலியோடு மெல்ல அவர் பக்கம் திரும்புகிறது. ரே ஹாரிஹவுசன் ஒரு சிறிய பொம்மையைச் சட்டகம் சட்டகமாக நகர்த்தி ஸ்டாப் மோஷன் முறையில் உருவாக்கிய காட்சி அது. அந்தத் தலை திரும்பும் சில நொடிகளுக்கு ஈடான அச்சத்தை நான் வேறு எந்தப் புதையல் காட்சியிலும் அடைந்ததில்லை. அதற்குக் காரணம் தாலோஸின் உருவம் மட்டுமன்று. விதி நமக்கும் தெரியும், அது மீறப்பட்டதையும் நாம் பார்த்துவிட்டோம், மீறியவருக்கு மட்டுமே அது இன்னும் உறைக்கவில்லை.

அலிபாபா கதையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 1956-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதை வண்ணப்படமாக எடுத்த நாளிலிருந்து 'திறந்திடு சீசேம்' நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தக் கதையின் உண்மையான பூட்டு அலிபாபாவின் அண்ணன் காசிமுக்காகவே செய்யப்பட்டது. அவன் தடையின்றி உள்ளே போகிறான், பொன்னைக் கண்டு மதிமயங்குகிறான், திரும்பும் வேளையில் சொல் மறந்துவிடுகிறது. சீசேம் என்றால் எள். மூலக்கதையில் அவன் எள்ளை மறந்துவிட்டு வேறு தானியங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறான். வாளும் பூதமும் இல்லாத அந்த இடத்தில் அவனைச் சிறைப்படுத்தியது அவனுடைய பேராசையே.

பதில்: கல்தூண்

மேலே சொன்னதை ஏற்கிறேன். 1989-இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி லாஸ்ட் குருசேட்' படத்திலும் புனிதக் கிண்ணத்தை அடைவதற்கு மூன்று சோதனைகள் உண்டு. ஆனால் தரையில் பொறிக்கப்பட்ட முத்திரையைத் தாண்டிக் கிண்ணத்தை எடுத்துச் செல்லக் கூடாது என்ற நான்காவது விதியே உயிரைப் பறிக்கிறது.

பதில்: மையிருள்

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. விதி முக்கியம்தான். அதைவிட முக்கியமாக, காவல் காப்பவருக்கு அந்தப் புதையலோடு என்ன உறவு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். 'புதையல் காத்த பூதம்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பூதம் ஏன் காக்கிறது என்று கேட்பதில்லை.

2013-இல் வந்த 'தி ஹாபிட்' வரிசையின் இரண்டாம் படத்தில் ஸ்மாக் என்ற டிராகன் பொற்குவியலுக்கு அடியில் புதைந்து உறங்குகிறது. நாணயங்கள் சரிய, ஒரு கண் மட்டும் திறக்கிறது. அதற்குப் புதையல்மீது இருப்பது கடமையல்ல, உடைமை வெறி. ஆகவேதான் அது உடனே கொல்லாமல், வந்தவனோடு நெடுநேரம் உரையாடுகிறது. இதற்கு நேர்மாறானது 2011-இல் வந்த ஹாரி பாட்டர் இறுதிப் படத்தில் மந்திரவாதிகளின் வங்கி நிலவறையைக் காக்கும் டிராகன். அது சங்கிலியில் கட்டப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட ஓசை எழுந்தால் வலி வரும் என்று பழக்கப்படுத்தப்பட்டதால் அந்த ஓசைக்கே அஞ்சிப் பின்வாங்குகிறது. அதே நிலவறையில் தொட்ட பொருளெல்லாம் பெருகிப் பெருகித் தொட்டவர்களை மூழ்கடிக்கிறது, அதுவும் நல்ல கற்பனை. ஆயினும் என் மனத்தைவிட்டு நீங்காதது அந்த விலங்கின் அச்சம்தான். தப்பிச் செல்பவர்கள் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும்போது விடுதலை அடைவது அவர்கள் மட்டுமல்ல.

உங்கள் பூதம் இவற்றில் எந்த வகை? உடைமையாளனா, கைதியா?

கேள்வி கேட்டவரின் மறுமொழி: நிலவறை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் கடைசிக் கேள்வி என்னை இரவு முழுவதும் விழிக்க வைத்தது. என் பூதம் கைதி. விடுகதையையும் நெருப்பாற்றையும் நீக்கிவிட்டேன். கதவு திறந்தே இருக்கும். ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று பூதமே பணிவாகச் சொல்லும். அவள் தன் தாயின் பழைய வளையலை அங்கே காண்பாள். தாயும் ஒருகாலத்தில் இங்கே வந்திருக்கிறாள் என்பதும், இப்போது தன்னிடம் பேசிக்கொண்டிருப்பது யார் என்பதும் அந்தக் கணத்தில்தான் அவளுக்குப் புரியும். அவள் வளையலை எடுப்பாளா, பூதத்தின் கையைப் பிடிப்பாளா என்ற இடம்வரை எழுதியிருக்கிறேன். அடுத்த வாரம் முழு வடிவத்தையும் இங்கே பகிர்கிறேன்.