வலது இதயத் தமனி இடம் மாறிக் கிளம்புகிறதாம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 38 வயது. சிகரெட், சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. ஷட்டில் ஆடும்போது மட்டும் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். கேஸ் டிரபிள் என்று ஒரு வருஷம் மாத்திரை தின்றான். போன மாதம் கோர்ட்டிலேயே கண் இருட்டி, கையில் பேட்டோடு விழுந்துவிட்டான்.

இசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். சி.டி. ஆஞ்சியோவில்தான் பிடிபட்டது. அடைப்பே இல்லை, பிறவிக் கோளாறு. வலது கரோனரி தமனி (இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய்) அயோர்ட்டாவின், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயின், இடப்பக்கம் கிளம்பி, அயோர்ட்டாவுக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே புகுந்து போகிறது. அந்தக் கரோனரி தமனியின் வாயும் வட்டமாக இல்லாமல் கீறல் மாதிரி இருக்கிறதாம்.

ஒரு டாக்டர் 'அன்ரூஃபிங்' (அயோர்ட்டா சுவருக்குள் ஓடும் தமனியைத் திறந்து வாயை அகலமாக்குவது) ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ (இதயத்துக்குச் சுமை கொடுத்து எடுக்கும் ஸ்கேன்) பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார். இதற்கிடையில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மராவிச் 1988-ல், 40 வயதில், ஆடும்போதே இறந்ததை அம்மா எங்கேயோ படித்துவிட்டார். அவருக்கு இடது தமனியே இல்லை, இது வேறம்மா என்றாலும் கேட்பதில்லை.

பெரியவர்களான பிறகு இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாளில் வேலைக்குப் போனீர்கள்? பிறவி இதயக் கோளாறுள்ள பெரியவர்களைத் தனியாகப் பார்க்கும் டாக்டர் மதுரை, சென்னைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் பிள்ளைகளுக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார்களா?