தன்னையே கவனிக்கும் புத்தி: பாரமா, தேவையா?

கொலுசுப்பட்டறை (சேலம் செவ்வாய்ப்பேட்டை):
பாரம்தான் என்பேன். வெள்ளிக் கொலுசு பற்றவைக்கிறவன் நான். வேலை ஓடும்போது கை தன்பாட்டுக்குப் போகும். யாராவது பக்கத்தில் நின்று ‘எப்படிங்க இவ்வளவு சுத்தமா வைக்கிறீங்க?’ என்று கேட்டுவிட்டால் போச்சு, என் கையை நானே பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அடுத்த கண்ணி உருகிக் கெட்டுப்போகும். ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984இல் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார். விளையாடுகிறவனைத் தன் கையைக் கவனிக்கச் சொன்னால் ஆட்டம் கெடுகிறது.

மலைவண்டி:
பட்டறை அண்ணா, ஏற்காடு பாதைக்கு வாங்க. 20 கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங் எனக்கும் தானாகத்தான் திரும்புகிறது. ஆனால் ராத்திரி இறங்கும்போது ‘இப்ப தாண்டின வளைவு ஞாபகமே இல்லையே, கண் அசருதே’ என்று உறைக்கிறது பாருங்க, அதுதான் வண்டியை ஓரங்கட்டி முகம் கழுவ வைக்கிறது. குடித்தவனிடம் இல்லாததும் அதுதான். ‘நான் நிதானமாத்தான் இருக்கேன்’ என்பான்.

கொலுசுப்பட்டறை:
அந்த அளவோடு நின்றால் சரி. நிற்கிறதா? கல்யாண வீட்டில் மதியம் வாய்தவறிச் சொன்ன ஒரு சொல்லுக்காக ராத்திரி இரண்டு மணிவரை புரள்கிறோம். எந்த மிருகத்துக்கு இந்தத் தொல்லை?

காபித்தோட்டத்து அக்கா:
மிருகம் என்றதும் ஞாபகம் வருகிறது தம்பி. 1970இல் கார்டன் கேலப் என்ற உளவியலாளர் சிம்பன்சிகளுக்கு முன்னால் கண்ணாடி வைத்தார். முதலில் வேறொரு குரங்கு என்று மிரட்டியவை, சில நாளில் அதைப் பார்த்தே பல்லில் சிக்கியதை நோண்டி எடுத்தன. மயக்கம் கொடுத்துப் புருவத்தில் சிவப்புச் சாயம் பூசினால், விழித்துக் கண்ணாடியைப் பார்த்ததும் தங்கள் புருவத்தைத்தான் தொட்டன. அவற்றுக்கு அது உபயோகப்பட்டது, அவ்வளவுதான். ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்பதை நாம்தான் மேலே ஏற்றிக்கொண்டோம்.

கொலுசுப்பட்டறை:
தனித்தனியாகப் பிரிக்க முடியாது அக்கா. மைக்கேல் லூயிஸ் என்ற உளவியலாளரின் குழு 1989இல் சின்னக் குழந்தைகளைப் பார்த்தது. கண்ணாடியில் தன்னை அடையாளம் கண்ட பிள்ளைகளிடம்தான் கூச்சமும் அதிகம் தெரிந்தது. ஒன்றை வாங்கினால் மற்றதும் கூடவே வரும்.

மலைவண்டி:
வரட்டுமே. கூச்சமே இல்லாதவன், மலையேறி வருகிற வண்டிக்கு வழிவிட மாட்டான் அண்ணா. நடுரோட்டில் நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தே ஹார்ன் அடிப்பான்.