அரியர் விழுந்த பிறகு போட்ட மணிக்கணக்கு

பள்ளி முடித்ததுமே வேலைக்குப் போய்விட்டேன். ஒன்பது வருஷம் கழித்து, கணக்குப் பிரிவில் முழுநேர வேலையில் இருந்துகொண்டே பட்டப்படிப்பில் சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் மற்றவர்களைப் போலவே ஐந்து பாடம் எடுத்தேன். இரண்டில் அரியர்.

இத்தனைக்கும் தினமும் இரவு ஒன்பதரைக்குப் புத்தகத்தைத் திறந்துவிடுவேன். ஒருநாள் காலையில் நோட்டைப் பார்த்தால், புள்ளியியல் சூத்திரம் ஒன்று பாதியில் நிற்கிறது. அங்கிருந்து பேனாக் கோடு வளைந்து நெளிந்து பக்கத்தின் ஓரம்வரை போயிருக்கிறது. எழுதிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அதற்கு முந்தைய இரண்டு பக்கங்களும் என் கையெழுத்துதான், ஆனால் ஒரு வரிகூட நினைவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பாடச் சுமையை அளக்க ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முழுநேர மாணவருக்கு வருஷத்துக்கு 60 கிரெடிட், அதாவது 1,500 முதல் 1,800 மணி நேரம். விடுமுறை வாரங்களைக் கழித்தால் வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தொட்டுவிடும். சரியாக இன்னொரு முழுநேர வேலை! ஒரே உடம்பு இரண்டையும் எப்படித் தாங்கும்? அடுத்த செமஸ்டரில் இரண்டே பாடம் எடுத்தேன். பட்டம் தள்ளிப்போகும் என்று தெரிந்தேதான் எடுத்தேன். நீங்களும் குறைப்பதானால், அதிகபட்சம் எத்தனை வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று முதலில் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புரியாத பாடத்தை விடியற்காலைக்கு மாற்றினேன். அலுவலகம் நம் தலையைப் பிழிந்தெடுப்பதற்கு முன்னால் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம் அது. இரவில் அசைன்மென்ட் சரிபார்ப்பது மாதிரி லேசான வேலை மட்டும். பஸ்ஸில் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, காலையில் படித்ததை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுபடுத்திப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். நேரம் குறைவாக உள்ள நமக்கு இது பெரிய விஷயம்.

இன்னொன்று. படிப்பதை மேலாளரிடம் ஒரு வருஷம் மறைத்தே வைத்திருந்தேன், வேலையில் கவனம் இல்லை என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். மாதக் கணக்கு முடிக்கும் வாரமும் தேர்வு வாரமும் ஒன்றாக வந்தபோது வேறு வழியில்லாமல் சொன்னேன். "போன தடவையே சொல்லியிருந்தால் அப்போதே ஆளை மாற்றிப் போட்டிருப்பேனே" என்றார். அந்தப் போன தடவைதான் எனக்கு அரியர் விழுந்த தேர்வு. நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

இப்போதெல்லாம் தேர்வு அட்டவணை வந்த அன்றே அவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுகிறேன். அரியர் இரண்டையும் முடித்துவிட்டேன். இன்னும் நான்கு பாடம் பாக்கி.